காதிரைச்சலுக்கு எத்தனை மார்க்கு?

பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் இரவுபகலாக இயங்கும் தொழிற்சாலைகளின் பேரோசைக்கு நம் மலேசியாவில் சட்டப்படி ஒரு வரம்பு உண்டு. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்று 1989ஆம் ஆண்டின் விதிகள் நிர்ணயித்திருந்த எல்லையை, 2019 ஜூன் மாதம் அமலுக்கு வந்த விதிகள் 85ஆகக் குறைத்தன. ஐந்துதானே என்று அலட்சியமாக எண்ணிவிடலாகாது. டெசிபெல் மடக்கைக் கணக்கில் ஏறியிறங்கும் அளவையாகையால், ஒலியின் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால்தான் அந்த ஐந்து குறையும். அதிகாரி மீட்டரோடு வந்து நிற்கிறார். மீட்டர் ஓர் எண்ணைக் காட்டுகிறது. அதை முதலாளி மறுப்பதற்கும் வழியில்லை, தொழிலாளி கூட்டிச் சொல்வதற்கும் வழியில்லை.

என் தாய்மாமன் பழைய விதிகளின் காலத்தில், தகடு வெட்டும் இயந்திரங்களுக்கு நடுவே தமது வாலிபத்தைச் செலவிட்டவர். ஓய்வு பெற்று மாச்சாங் பூபோக் பக்கத்தில் அமைதியான ஒரு தாமானில் குடியேறிய பிறகுதான், இரண்டு காதுகளிலும் ஓயாமல் ‘ஙொய்’ என்றொரு சப்தம் ஒலித்துக்கொண்டிருப்பதாக அவர் சொல்லத் தொடங்கினார். இந்த உபாதை புதியதன்று. காதுக்கு வரும் இருபத்தெட்டு வியாதிகளில் கர்ணநாதத்தையும் ஒன்றாக ஆயுர்வேத ஆசான் சுசுருதர் கணக்கிட்டிருக்கிறார். ஆனால் மீட்டரில் அகப்படாத, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கே கேளாத ஓர் ஓசைக்குச் சிகிச்சை செய்து, அது குறைந்தது அல்லது குறையவில்லை என்று எவரேனும் எந்தப் பிரமாணத்தைக் கொண்டு சொல்ல முடியும்? மாமாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்த காலத்தில் என்னைப் பிடித்துக்கொண்ட இந்தக் கேள்வியை நான் கொஞ்சம் நிதானமாகத் துருவிப் பார்த்தேன். அதன் விளைவே இந்தப் பதிவு. சற்று நீளம், பொறுத்தருள வேண்டும்.

முதலில் அந்தச் சப்தத்தின் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலிக்கும் சில வகைகளுக்கு இரத்தக் குழாய் போன்ற பௌதிகக் காரணம் இருக்கக்கூடும். அவற்றை மருத்துவர் தனியே ஆராய வேண்டும். மிகப் பெரும்பாலோருக்கு ஒலிப்பதோ, எங்கும் பிறக்காத ஓசை. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் பேரோசையாலோ முதுமையாலோ அழிந்துபோக, அங்கிருந்து வரும் செய்தி குறைவதைக் கண்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொண்டு, இல்லாத ஒலியை உண்டாக்கிக்கொள்கிறது என்பது இன்று பெரும்பான்மையான அறிஞர்களின் அபிப்பிராயம். 1990இல் யாஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி இதை மாயப் புலனுணர்வு என்றே வர்ணித்தார். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கை வலிக்கும் விந்தையைக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு ஆராய்ந்து புகழ்பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நம்மவர். அந்த மாயக் கையின் சகோதரன்தான் இந்த மாய ஓசை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் சில நிமிடங்கள் உட்கார வைத்துக் கேட்டபோது, அவர்களில் 94 சதவிகிதத்தினர் ஏதோ ஒரு சப்தம் கேட்பதாகச் சொன்னார்கள். ஆகவே சப்தம் கேட்பது மட்டுமே வியாதியாகிவிடாது.

என்றாலும், மருத்துவம் முதலில் அளக்க முயன்றது சப்தத்தின் பருமனைத்தான். அந்தப் பரீட்சையை நான் நேரில் பார்த்தேன். ஆடியோலஜிஸ்டான ஓர் இளம்பெண், மாமாவை மெத்தை வைத்த சுவர்களுடைய சிற்றறையில் உட்கார்த்தி, ஹெட்ஃபோனை மாட்டி, “அங்கிள், உங்க காதுல கேக்கிற சத்தம் மாதிரியே இருந்தா கை தூக்குங்க” என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு இப்பாலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஒலிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். விசில்போல ஒன்று, வண்டுபோல ஒன்று, ஆவி பறப்பதுபோல ஒன்று. மாமா ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, சங்கீதக் கச்சேரியில் சுருதி பார்ப்பவரைப்போலத் தீவிரமாக யோசித்துத் தலையசைத்து மறுத்தார். 6,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்தபோது கை உயர்ந்தது. அடுத்து, அந்த ஒலியையே அவருக்குக் கேட்கத் தொடங்கும் மட்டத்திலிருந்து மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போக, ஆறு டெசிபெல் கூடியதும், “இதேதாம்மா! இதே அளவுதான்!” என்று மாமா உள்ளிருந்து கத்தினார்.

வெளியே வந்ததும் அவருக்கு அந்த ஆறு தெரிய வந்தது. “ராத்திரி பூரா என்னைத் தூங்கவிடாத சத்தம், ஆறு டெசிபெல்லா? மாப்ளே, அந்தப் பொண்ணோட மெஷின் ரிப்பேரு.”

இயந்திரத்தில் பழுதில்லை. 1940களிலேயே அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஃபௌலர் இதே முறையில் பலரைச் சோதித்து, பெரும்பாலோரின் காதிரைச்சல் கேள்வித்திறனின் விளிம்பிலிருந்து சில டெசிபெல் உயரத்திலேயே நிற்பதைக் கண்டு வியந்திருக்கிறார். கெட்டுப்போன காதில் ஓசையின் பருமன் மிக வேகமாக ஏறும் என்பதால் ஆறு என்பது அவ்வளவு சிறிய ஆறன்று என்பது ஒரு பாதிச் சமாதானம். மீதிப் பாதியை அந்தக் கருவி அறியவே அறியாது. ஏழெட்டு டெசிபெல்லோடு நிம்மதியாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று நான்கு டெசிபெல்லால் வாழ்க்கையையே வெறுத்தவர்களும் இருக்கிறார்கள். பருமனுக்கும் துயரத்துக்கும் இடையே எதிர்பார்க்கும் அளவுக்குச் சம்பந்தம் கிடையாது.

அப்படியானால் அந்தச் சப்தத்தையே வாயடைக்கச் செய்யும் மருந்து கிடையாதா என்றால், ஒரு கணத்துக்கு உண்டு. உணர்விழக்கச் செய்யும் மருந்து வகையொன்றை இரத்த நாளத்தில் செலுத்தினால் காதிரைச்சல் அடங்குவதை, நோபல் பரிசு பெற்ற செவி மருத்துவர் ராபர்ட் பாராணி 1935இலேயே கவனித்தார். பின்னாளில் லிடோகெயினைக் கொண்டும் அது காட்டப்பட்டது. ஆனால் அந்தப் பலன் சொற்ப நேரத்தில் தீர்ந்துபோகும். இருதயத்தின் துடிப்பையே மாற்றவல்ல அந்த மருந்தை அன்றாடம் ஏற்றிக்கொள்வது நடக்கிற காரியமன்று. சாதாரணமாகக் கிடைக்கும் ஏனைய சிகிச்சைகளெல்லாம் பெரும்பாலும் சப்தத்தை விட்டுவிட்டு, அந்தச் சப்தத்தோடு மனிதன் வாழும் வாழ்வைத்தான் சீர்செய்ய முயல்கின்றன. ஆகவே அளக்க வேண்டியதும் அந்த வாழ்வைத்தான். அதற்குக் கேள்வித்தாளை விட்டால் வேறு கதியில்லை.

1996இல் நியூமன், ஜேகப்சன், ஸ்பிட்சர் ஆகிய மூவர் வகுத்த கேள்வித்தாள்தான் இன்றும் உலகெங்கும் அதிகமாகப் புழங்குகிறது. தூக்கம், கவன ஒருமை, எரிச்சல், குடும்பத்தாரோடு உறவு, நம்பிக்கையிழப்பு என்று 25 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றால் 4, சிலவேளைகளில் என்றால் 2, இல்லையென்றால் 0. கூட்டினால் நூறுக்குள் ஒரு மதிப்பெண் வரும். பள்ளிக்கூடத்து வழக்கத்துக்கு மாறாக, இங்கே அதிகம் வாங்கியவர்தான் தோற்றவர். மாமாவுக்கு முதல் முறை வந்தது 58. காதுக்குக் கேட்புக் கருவி மாட்டி, ஆடியோலஜிஸ்ட் பொறுமையாக உட்கார்ந்து விளக்கம் சொல்லி, இரவில் மின்விசிறியையோ வானொலியையோ மெலிதாக ஓட விடச் சொல்லி, சில மாதங்கள் கழிந்த பின் மறுபடி அதே தாளை நிரப்பச் செய்தபோது வந்தது 44. பதினான்கு குறைந்திருக்கிறது. அத்தைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நானோ, இந்தப் பதினான்கை யாருடைய கணக்கில் வரவு வைப்பது என்று யோசிக்கலானேன்.

பதினான்கு என்பது முன்னேற்றமா என்ற கேள்வியே முதலில் சிக்கலானது. கேள்வித்தாளை வகுத்தவர்களே 1998இல், 20 புள்ளி குறைந்தால்தான் அதை மெய்யான மாற்றமாகக் கொள்ளலாம் என்றார்கள். ஒரே மனிதர் சிகிச்சை ஏதுமின்றி இரண்டு முறை நிரப்பினாலே எண் அவ்வளவு ஊசலாடக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. 2011இல் வேறொரு குழுவினர், நோயாளிகள் தாமாகவே கொஞ்சம் தேவலை என்று சொல்லும் இடத்தை எல்லையாக வைத்துப் பார்த்து, 7 போதும் என்றார்கள். முதல் கணக்கின்படி மாமா தேறவில்லை. இரண்டாவது கணக்கின்படி இருமடங்கு தேறிவிட்டார். போதாக்குறைக்கு, 58 முதல் 76 வரை கடுமை, 38 முதல் 56 வரை நடுத்தரம் என்று தரம் பிரிக்கும் ஒரு வழக்கமும் உண்டு. அதன்படி மாமா ஒரு படி இறங்கியிருக்கிறார். இத்தனைக்கும் மனிதர் ஒருவர், தாள் ஒன்று.

கேட்கும் நாளும் இதில் சேர்த்தி. ஜூலை மாதத்தில் செயிண்ட் ஆன்ஸ் தேவாலயத் திருவிழாவுக்கு ஊரே திரண்டு, வாகனங்கள் நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் நாட்களில், மாமாவுக்குத் தம் காதுச் சப்தம் ஞாபகத்துக்கே வருவதில்லை. கூட்டம் கலைந்த மறுவாரம் அதே சப்தம் வட்டியோடு திரும்பி வரும். எந்த வாரத்தில் தாளை நீட்டினார்கள் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறாதா? இதை எண்ணித்தான் ஜெர்மனியில் உல்ம் பல்கலைக்கழகத்தார், நாளின் பல வேளைகளில் கைப்பேசியிலேயே கேள்வி கேட்கும் ஒரு செயலியை உண்டாக்கினார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் மறக்க வேண்டிய ஒன்றை நாளுக்குப் பல தடவை ஞாபகப்படுத்திவிட்டு, மறந்துவிட்டீர்களா என்று விசாரிப்பது எனக்குச் சற்று விசித்திரமாகவே படுகிறது.

தாளையே வேறு விதமாக எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. 1970களில் அமெரிக்காவின் போர்ட்லந்து நகரில் ஜாக் வெர்னன் என்ற அறிஞர், காதிரைச்சலால் வருந்திய ஒரு மருத்துவர் நீரூற்றின் அருகே நின்றபோது மட்டும் தம் சப்தத்தை மறந்ததைக் கண்டு, ஓசையால் ஓசையை மறைக்கும் கருவிகளைப் பரப்பினார். அவரோடு அதே கூடத்தில் பணியாற்றிய மேரி மைக்கேல், பிற்காலத்தில் பலருடைய ஒத்துழைப்போடு இன்னொரு கேள்வித்தாளை வகுத்து 2012இல் வெளியிட்டார். இதிலும் 25 கேள்விகள்தாம். ஆனால் ஆமாம், இல்லை என்பதற்குப் பதிலாக, கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பார்த்துப் பூச்சியத்திலிருந்து பத்துவரை எண் கொடுக்க வேண்டும். நூறுக்கு 13 புள்ளி குறைந்தால் அர்த்தமுள்ள மாற்றம் என்று இதற்கு ஓர் எல்லையும் சொல்லப்பட்டிருக்கிறது. பழைய தாள் வியாதியின் கடுமையை நிர்ணயிக்க எழுதப்பட்டது. இது சிகிச்சையால் விளையும் மாற்றத்தைப் பிடிப்பதற்கென்றே எழுதப்பட்டது. என் அபிப்பிராயத்தில் இரண்டுக்குமுள்ள முக்கியமான பேதம் இதுவே. மருத்துவமனைகள் இதை இன்னும் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

இவை இரண்டோடு விவகாரம் நின்றிருந்தால் பாதகமில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, காதிரைச்சல் சிகிச்சைப் பரிசோதனைகள் 228ஐ எடுத்துக்கொண்டு, அவற்றில் எதை முதன்மையாக அளந்தார்கள் என்று பட்டியல் போட்டது. ஒருவர் பருமனை அளந்தார், ஒருவர் தூக்கத்தை, ஒருவர் மனச்சோர்வை, இப்படி 35 வெவ்வேறு விஷயங்கள், அவற்றை அளக்க 78 வெவ்வேறு முறைகள். ஜவுளிக்கடைக்கு ஒரு முழக்கோல் வீதம் இருந்தால் ஒரு கடைத் துணியை இன்னொரு கடைத் துணியோடு எப்படி ஒப்பிடுவது? அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய டெபோரா ஹால், அப்போது நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். சிலாங்கூரில் செமினியில் இருக்கும் அதன் மலேசியக் கிளையிலும் பணியாற்றியவர் என்பது நமக்கொரு சிறிய பாத்தியதை. குறை சொல்வதோடு நில்லாமல், நோயாளிகள், மருத்துவர்கள், ஆராய்ச்சியாளர்கள் என்று பல நாடுகளிலிருந்து பல நூறு பேரின் அபிப்பிராயத்தை அவர் குழுவினர் சுற்றுச்சுற்றாகத் திரட்டி, எந்தச் சிகிச்சைக்கு எதை அளந்தே தீர வேண்டும் என்ற உடன்பாட்டை 2018இல் வெளியிட்டார்கள். மருந்தானால் பருமனும், நினைவில் குறுக்கிடும் தொல்லையும். ஒலிக் கருவியானால் அந்தத் தொல்லையோடு, சப்தத்தைப் பொருட்படுத்தாதிருக்கும் திறன், கவன ஒருமை, தூக்கம், நிலைமை தம் வசத்தில் இருக்கிறதென்ற உணர்வு. மனவழிச் சிகிச்சையானால் அதே தொல்லையோடும் தம் வசத்தில் இருக்கிறதென்ற உணர்வோடும், ஏற்றுக்கொள்ளும் பக்குவம், மனநிலை, எதிர்மறை எண்ணங்கள். மூன்றுக்கும் பொதுவாக நிற்பது குறுக்கிடும் தொல்லை ஒன்றுதான். பருமன், மருந்துப் பட்டியலைத் தவிர வேறெதிலும் இடம் பெறவில்லை என்பதை மாமாவிடம் சொன்னபோது, “அந்த ஆறை விட்டுட்டாங்களா, நல்லது” என்றார்.

எதை அளப்பது என்பது தீர்ந்தாலும், அளந்ததில் எவ்வளவு மருந்தின் பலன் என்பது தீராது. நம் ஊர்ச் சீன மருந்துக் கடைகளிலும் ஃபார்மசிகளிலும் கிங்கோ மாத்திரை தாராளமாகக் கிடைக்கிறது. காதிரைச்சலுக்குக் கண்கண்ட ஔஷதம் என்று சொல்லித் தருவார்கள். பிரிட்டனில் 1,100க்கும் மேற்பட்டோரைத் திரட்டி, பாதிப் பேருக்குக் கிங்கோவையும், வயதிலும் பாலினத்திலும் அவர்களுக்கு இணையான மறுபாதிக்கு அதே தோற்றமுடைய வெறும் மாத்திரையையும், இன்னார்க்கு இன்னது என்று எவருக்கும் தெரியாமல் 12 வாரம் கொடுத்துப் பார்த்த பரிசோதனை 2001இல் வெளியாயிற்று. தொல்லை குறைந்ததாகச் சொன்னவர்கள், கிங்கோ உண்டவர்களில் 360க்கு 34 பேர். வெறும் மாத்திரை உண்டவர்களில் 360க்கு 35 பேர். இரண்டாவது வரிசை இல்லாமல் முதல் வரிசையை மட்டும் பார்த்திருந்தால், அந்த முப்பத்து நான்கு பேரின் நன்றிக் கடிதங்களே விளம்பரமாகியிருக்கும்.

இதில் வஞ்சகம் ஏதும் இல்லாமலே இப்படி நடக்கும் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மனிதர்கள் தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரைத் தேடி ஓடுகிறார்கள். உச்சத்துக்குப் பின் இறக்கம் எப்படியும் வரத்தான் செய்யும். அந்த இறக்கத்தின்போது கையில் எந்தப் புட்டி இருந்ததோ அதற்குப் புகழ் சேர்கிறது. சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வெறுமனே காத்திருப்போரின் மதிப்பெண்கூடச் சற்றே இறங்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். சப்தத்தைப் பொருட்படுத்தாதிருக்கப் பழக்கும் யாஸ்ட்ரெபாஃபின் புகழ்பெற்ற மறுபயிற்சி முறையையே அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 151 பேரிடம், சாதாரணக் கவனிப்போடு ஒப்பிட்டுப் பதினெட்டு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். எல்லாக் குழுவினரும் தேறினார்கள். ஒரு குழு மற்றொன்றைவிடக் குறிப்பிடும்படியாகத் தேறவில்லை. 2019இல் அந்த முடிவு வந்தபோது அத்துறையில் பலருக்கு மனவருத்தம். மாறாக, சிந்தனைப் போக்கைத் திருத்தும் மனவழிச் சிகிச்சையை மையமாக வைத்து நெதர்லாந்தில் 492 பேரிடம் நடத்திய பரிசோதனை, ஓராண்டுக்குப் பின்னும் வழக்கமான கவனிப்பை மிஞ்சி நின்றது. 2012இல் லான்செட் பத்திரிகை அதை வெளியிட்டது. இன்றைக்கு உறுதியான சாட்சியம் அதிகம் உள்ள சிகிச்சை அதுதான். அதுவும் சப்தத்தைக் குறைப்பதாக வாக்களிப்பதில்லை.

இப்போது வாட்ஸ்அப்பில் உறவினர்கள் அடிக்கடி அனுப்பும் செய்தி, ஹெட்ஃபோனில் ஒலியும் நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் சேர்த்துத் தரும் கருவியைப் பற்றியது. 326 பேரிடம் நடந்த அதன் பரிசோதனை 2020இல் வெளியாயிற்று. 2023 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதியும் வழங்கிற்று. மதிப்பெண் இறங்கியது உண்மை. ஓராண்டு வரையில் நிலைத்ததும் உண்மை. ஆனால் அந்த 2020 பரிசோதனையில் இருந்த மூன்று குழுக்களும் ஏதோ ஒரு வகைத் தூண்டலைப் பெற்றவைதாம். வெறும் கருவியை மாட்டிக்கொண்ட குழு ஒன்று அதில் இல்லை. கிங்கோவின் இரண்டாவது வரிசையைப் பார்த்துவிட்ட எனக்கு, ஆயிரக்கணக்கான வெள்ளியை எண்ணி வைக்க இன்னும் கை வரவில்லை.

மாமாவின் பதினான்குக்குத் திரும்புகிறேன். கேட்புக் கருவிக்கு அதில் நியாயமான பங்கு இருக்கும் என்றே நம்புகிறேன்; வெளியோசை நன்றாகக் கேட்டால் உள்ளோசை பின்வாங்குவது பலரின் அனுபவம். ஆனால் ஒருநாள் பேச்சுவாக்கில் அவர் ஒரு சங்கதியைச் சொன்னார். இரண்டாம் தடவை தாளை நிரப்பியபோது, சில கேள்விகளுக்கு ஆமாம் என்று போடப் பேனா போனதாம். எதிரே அந்தப் பெண் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்ததால் ‘சிலவேளைகளில்’ என்று போட்டாராம். “பாவம்டா, எத்தனை மாசமா எனக்காக மெனக்கெட்டிருக்கு. இன்னும் அப்படியேதான் இருக்குன்னு எழுதினா அதோட மனசு என்ன பாடுபடும்?” அத்தனை கேள்விகளில் எத்தனைக்கு அந்தத் தாட்சண்யம் கிடைத்தது என்று நான் துருவவில்லை. மூன்று கேள்விகள் என்றாலே ஆறு மார்க்கு போய்விடும். சிகிச்சை செய்தவரே தாளை நீட்டாமல், சம்பந்தமில்லாத ஒருவர் நீட்ட வேண்டும், அல்லது வீட்டிலிருந்து நிரப்பி அனுப்பச் சொல்ல வேண்டும் என்று நல்ல பரிசோதனைகளில் விதி செய்வது இதற்காகத்தான்.

அத்தையின் கணக்கோ வேறு. அந்த மாதங்களுக்கு நடுவில் தைப்பூசம் வந்தது. பினாங்கு தண்ணீர்மலைக்கு அவர் பால்குடம் எடுத்தார். பதினான்கும் முருகன் போட்ட மார்க்கு என்பது அவருடைய தீர்மானம். கருவி, விளக்கம், காலத்தின் இறக்கம், மாமாவின் தாட்சண்யம் என்று நான் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப பால்குடம் எடுக்காம இருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு சொல்லு பாப்போம்” என்றார். அதைச் சொல்வதற்கு, எல்லா வகையிலும் இவரைப்போலவே இருந்து பால்குடம் மட்டும் எடுக்கப்படாத இன்னொரு மாமா வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மாமா.